நாடகத்தனமாக அழுதவள்

ஆங்கில நாவல்களில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு வாக்கியம் உண்டு. ‘அவள் கைக்குட்டையால் கண்களை ஒற்றிக்கொண்டு ஹிஸ்ட்ரியானிகலி அழுதாள்.’ எந்த நாவல் என்று தேட வேண்டாம், உதாரணத்துக்காக நானே எழுதியது. ஆனால் இதே அச்சில் வார்த்த வாக்கியங்களை ஆங்கிலம் வாசிக்கிற எல்லாருமே கடந்து வந்திருப்போம். சில நேரம் அந்த இடத்தில் ‘மெலோட்ராமாட்டிகலி’ இருக்கும், சில நேரம் ‘தியேட்ரிகலி’. கிண்டிலில் சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி ‘மிகையான நடிப்போடு’ என்கிற மாதிரி எதையோ சொல்லும். சரி என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

கொஞ்சம் நின்று பார்த்தால் அந்த வாக்கியத்தில் ஒரு கோளாறு தெரியும். கைக்குட்டை அவளுடையது, கண்ணீர் அவளுடையது, அழுதவளும் அவள்தான். அந்த வினையடை மட்டும் அவளுடையதில்லை. அவள் அழுதுகொண்டிருக்கும்போது கதைசொல்லி நம் காதருகே குனிந்து, “இதையெல்லாம் நம்பாதீங்க, சும்மா சீன் போடறா” என்று கிசுகிசுத்துவிட்டுப் போகிறார். மெதுவாக, சத்தமாக, திரும்பித் திரும்பி என்பவையும் வினையடைகள்தாம். ஆனால் அவற்றை ஒரு கேமரா பதிவு செய்துவிடும். ‘ஹிஸ்ட்ரியானிகலி’யை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்: இந்தத் துக்கத்துக்கு இவ்வளவுதான் அழலாம், அதற்கு மேல் அழுதால் நடிப்பு. அந்த அளவை யார் வைத்தது? என் தொழிலில் சொல்வதென்றால், என்ன நடந்தது என்று எழுதுவது லாக். அது எவ்வளவு முக்கியம் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானிப்பது வேறு வேலை. இந்த வினையடை, இரண்டாவது வேலையைச் செய்துவிட்டு முதல் வேலையைச் செய்ததுபோல முகத்தை வைத்துக்கொள்கிறது.

எழுத்துப் பயிற்சி தருகிறவர்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஸ்டீபன் கிங் 2000-இல் வந்த ‘ஆன் ரைட்டிங்’ நூலில் வினையடைகளை ஓட ஓட விரட்டுகிறார். அடுத்த வருடம் நியூயார்க் டைம்ஸில் எல்மோர் லெனார்ட் எழுதிய பத்து விதிகளில் ஒன்று, ‘சொன்னான்’ என்பதோடு எந்த வினையடையையும் ஒட்டவைக்காதே என்பது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1910 முதல் வந்துகொண்டிருந்த டாம் ஸ்விஃப்ட் என்ற சிறுவர் சாகசத் தொடரில் பாத்திரங்கள் எதைச் சொன்னாலும் வினையடையோடுதான் சொல்வார்கள் என்று கிண்டலடித்து அமெரிக்கர்கள் ஒரு சிலேடை விளையாட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். இவர்கள் எல்லாருடைய புகாரும் சோம்பேறித்தனம் பற்றியது. காட்ட வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டுப் போகிறாய், அதனால் வாக்கியம் தொளதொளக்கிறது என்கிறார்கள். நியாயமான புகார்தான். நம்மூர் முகாம்களிலும் பட்டறைகளிலும் இதையே திருப்பிச் சொல்கிறோம்.

எனக்கு இது போதவில்லை. ‘வேகமாக ஓடினான்’ என்று எழுதினால் வாக்கியத்துக்குத்தான் நஷ்டம். ‘நாடகத்தனமாக அழுதாள்’ என்று எழுதினால் நஷ்டம் அவளுக்கு. அவள் எதற்காக அழுதாள் என்று கேட்கத் தோன்றிய கேள்வி நமக்குள்ளேயே அடங்கிப்போகிறது. வாக்கியம் தொளதொளத்தால் எடிட்டர் சரிசெய்துகொள்வார், இதை எந்த எடிட்டர் கவனிப்பார்?

ஆங்கிலத்தின் அந்த மூன்று சொற்களும் ஒன்றல்ல என்பதை முதலில் பார்த்துவிடலாம். ‘தியேட்ரிகலி’ மூன்றில் சாதுவானது. ஒருவர் தியேட்ரிகலி பெருமூச்சு விட்டார் என்றால், பெரும்பாலும் அவருக்கே அது தெரியும். எதிரில் இருப்பவரைச் சிரிக்கவைக்க, அல்லது ‘எனக்கு எரிச்சல், கவனி’ என்று விளையாட்டாகச் சொல்ல அப்படிச் செய்கிறார். இங்கே வினையடை பாத்திரத்தின் பக்கம் நிற்கிறது. ‘மெலோட்ராமாட்டிகலி’ கொஞ்சம் கதைசொல்லி பக்கம் சாய்கிறது. உணர்ச்சி இருக்கிறது, ஆனால் விஷயத்துக்கு ஏற்றதாக இல்லை, கால் ரூபாய் பிரச்சினைக்கு நூறு ரூபாய் கண்ணீர். ‘ஹிஸ்ட்ரியானிகலி’ வந்துவிட்டால் முழுக்கத் தீர்ப்புதான். அதில் அருவருப்பு இருக்கிறது, மருத்துவமனை வாடையும் கொஞ்சம் இருக்கிறது. இதுவரை வாசித்ததை வைத்துப் பார்த்தால், தன்னைப் பற்றித் தானே ‘நான் ஹிஸ்ட்ரியானிகலி நடந்துகொண்டேன்’ என்று சொல்லும் பாத்திரம் அபூர்வம். பிறர்மேல் ஒட்டுவதற்கென்றே இருக்கிற சொல் அது.

தமிழில் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்: நாடகத்தனமாக. ‘தனம்’ ஒட்டிக்கொண்டாலே பெரும்பாலும் வசவுதான் (குழந்தைத்தனம், முட்டாள்தனம், கள்ளத்தனம், குழந்தையைக்கூட விட்டுவைக்காத விகுதி). வேடிக்கை என்னவென்றால் நம் விமர்சகர்கள் பாராட்ட வேண்டும் என்றால் ‘நாடகீயமான தருணம்’ என்பார்கள். திட்ட வேண்டும் என்றால் ‘நாடகத்தனம்’. வேர் ஒன்றுதான், விகுதியைப் பார்த்துத்தான் மாலையா செருப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு காட்சி நாடகீயமாக இருப்பதற்கும் நாடகத்தனமாக ஆவதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று விளக்கிய கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘மெலோடிராமா’ என்ற சொல்லையும் அப்படியே வாங்கிவந்து வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாவலை முடித்துக்கட்ட அந்த ஒரு சொல் போதும், மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் கொஞ்சம் தெளிவாகிறது. ரோம வரலாற்றாசிரியர் லிவி ஒரு கதை சொல்கிறார். கி.மு. 364-இல் ரோமில் கொள்ளைநோய். என்ன செய்தும் அடங்கவில்லை. தெய்வங்களைச் சாந்தப்படுத்த, பக்கத்து எட்ருரியாவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் பாட்டில்லாமல், வசனமில்லாமல், குழலிசைக்கு ஆடினார்கள். ஆட்டக்காரனுக்கு எட்ரஸ்கன் மொழியில் ‘இஸ்டர்’ என்று பெயராம், அதிலிருந்து லத்தீனில் நடிகனுக்கு ‘ஹிஸ்ட்ரியோ’ என்ற சொல் வந்தது என்கிறார் லிவி. (அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு விஷயம் நமக்குப் பிடிக்கும். லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ் என்ற நாடக ஆசிரியர் தன் நாடகத்தில் தானே நடித்தும் பாடியும் வந்தார். ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பையனை நிறுத்திப் பாடச் சொல்லிவிட்டு, இவர் அதற்கு அபிநயம் மட்டும் பிடித்தார். பின்னணிப் பாடகர் என்ற பதவி அன்றே வந்துவிட்டது.)

ஊரைக் காப்பாற்ற அழைத்துவரப்பட்ட ஆட்டக்காரர்களின் வாரிசுகளுக்கு ரோம் என்ன மரியாதை செய்தது? மேடையேறிப் பிழைப்பவர்களுக்குச் சட்டத்தில் ‘இன்ஃபாமியா’ என்ற களங்கம் உண்டு. குடிமகனுக்குரிய சில உரிமைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. கி.மு. 46-இல் டெசிமஸ் லபேரியஸ் என்ற பிரபுவை, அறுபது வயதில், ஜூலியஸ் சீசர் தான் நடத்திய போட்டியில் மேடையேறி நடிக்கவைத்தார். நடித்த அந்தக் கணமே அவருடைய பிரபு அந்தஸ்து போய்விட்டது. சீசர் ஐந்து லட்சம் செஸ்டர்ஸும் தங்க மோதிரமும் கொடுத்து அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவர் தன் பழைய வரிசையில் உட்காரப் போனபோது மற்ற பிரபுக்கள் இடம்விடாமல் பரப்பி உட்கார்ந்துகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கிரேக்கத்தில் நடிகனுக்கு ‘ஹிப்போக்ரிடஸ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் பாசாங்குக்காரனுக்கு என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ‘நடிக்காதே’ என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். ‘கூத்தாடி’ இன்றும் அரசியல் மேடையில் வசவு.

ஆக ‘ஹிஸ்ட்ரியானிகலி’ என்ற வினையடைக்குள்ளே ஓர் ஆள் இருக்கிறான். உட்கார இடம் கிடைக்காமல் நிற்கிற ஆள். அழுகிறவளை அவனோடு சேர்த்து நிறுத்திவிட்டால் அவள் அழுகைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

‘மெலோட்ராமா’வின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. ‘மெலோஸ்’ என்றால் பாட்டு. ரூஸோ எழுதி 1770-இல் லியோன் நகரில் மேடையேறிய ‘பிக்மேலியன்’, பேச்சும் இசையும் மாறிமாறி வரும் சின்ன நாடகம், அதைத்தான் இந்த வகையின் தொடக்கம் என்பார்கள். 1800-இல் பாரிஸில் பிக்ஸெரெகூரின் ‘கொலினா’ பெரும் வெற்றி. அதைத் தழுவி தாமஸ் ஹோல்கிராஃப்ட் எழுதிய ‘எ டேல் ஆஃப் மிஸ்டரி’ 1802-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் வந்தது. இரண்டிலும் முக்கியமான பாத்திரம் ஒரு ஊமை மனிதர். தனக்கு நடந்த அநியாயத்தை அவர் கையாலும் முகத்தாலும்தான் சொல்லியாக வேண்டும். பீட்டர் ப்ரூக்ஸ் 1976-இல் எழுதிய ‘தி மெலோட்ராமாட்டிக் இமாஜினேஷன்’ நூலில் இந்த ஊமைகளுக்காகவே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். மெலோட்ராமாவை வசவுச் சொல் என்ற நிலையிலிருந்து மீட்டெடுத்த புத்தகம் அது. பால்ஸாக்கையும் ஹென்றி ஜேம்ஸையும் அதன் வழியாக வாசிக்கலாம் என்று காட்டியது.

ப்ரூக்ஸ் ஃபிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தொடங்குகிறார். நான் லண்டனின் ஒரு சட்டத்திலிருந்து தொடங்குவேன். 1737-ஆம் ஆண்டின் லைசென்ஸிங் சட்டம் வந்த பிறகு, லண்டனில் வசனம் பேசி நடிக்கும் ‘முறையான’ நாடகத்துக்கு உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய அரங்குகளிடம் முடங்கிப்போனது. மற்றவர்கள் ஷேக்ஸ்பியரை மேடையேற்றினால் வழக்கு வரும். ஆனால் இசை போடலாம், ஆடலாம், அபிநயிக்கலாம். சிறு அரங்குகள் என்ன செய்தன? பேச்சுக்குப் பதில் இசையைப் போட்டன, சொல்லக் கூடாததைத் துணியில் எழுதி விரித்துக் காட்டின, நடிகர்கள் கையையும் காலையும் வீசி நடித்தார்கள். வில்லன் உள்ளே நுழையும்போது வாத்தியங்கள் உறுமின. இந்த ஏகபோகம் 1843-இல் வந்த தியேட்டர்ஸ் சட்டம் வரைக்கும் நீடித்தது, நூறு வருடத்துக்கு மேல். நாம் இன்று ‘மெலோட்ராமாட்டிக்’ என்று உதட்டைச் சுழிக்கிற அந்தக் கைவீச்சில் பாதி, வாயைக் கட்டிப்போட்டதால் வந்தது. பேச உரிமையுள்ள பெரிய அரங்கிலும் நிலைமை வேறு விதமாக மோசம். 1794-இல் மறுபடி கட்டிய ட்ரூரி லேனில் 3,600 பேர் உட்காரலாம். மைக் கிடையாது. கடைசி வரிசைக்காரனுக்குப் புருவம் எப்படித் தெரியும்? அதனால் புருவம் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்தது. இந்த இடத்தில் சிவாஜி ஞாபகம் வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. பாய்ஸ் கம்பெனி மேடையில் கடைசி வரிசைக்காகப் பழகிய உடம்பு, பத்தடி தூரத்தில் குளோஸ்-அப் லென்ஸ் வந்து நின்ற பிறகும் கடைசி வரிசைக்கே நடித்தது என்று சொல்லலாம். ‘ஓவர் ஆக்டிங்’ என்று சொல்லும் தலைமுறை அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்ததே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, மிகை என்பதே கிடையாதா, எல்லா அழுகையும் புனிதமா என்று நீங்கள் கேட்கலாம். மிகை உண்டு. பாசாங்கும் உண்டு. அதை நாவலாசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு நான் திரும்பத் திரும்பப் போகும் புத்தகம் ஜேன் ஆஸ்டனின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’, 1814.

சர் தாமஸ் பெர்ட்ரம் தன் சொத்து விவகாரமாக ஆன்டிகுவா தீவுக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாத வீட்டில் இளசுகள் சேர்ந்து ‘லவ்வர்ஸ் வவ்ஸ்’ என்ற நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். (கோட்ஸெபூவின் ஜெர்மன் நாடகத்தை எலிசபெத் இஞ்ச்பால்ட் 1798-இல் ஆங்கிலத்தில் தழுவியது, உண்மையான நாடகம்.) பில்லியர்ட்ஸ் அறை மேடையாகிவிட்டது. சர் தாமஸ் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வருகிறார். தன் அறைக்குப் போனால் புத்தக அலமாரி இடம் மாறியிருக்கிறது, பக்கத்து அறையில் யாரோ கத்துகிறார்கள். கதவைத் திறக்கிறார். தன் சொந்த வீட்டில் ஒரு மேடைமேல் நிற்கிறார். எதிரில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன், மிஸ்டர் யேட்ஸ், பேரன் வில்டன்ஹெய்ம் வேடத்தில் கர்ஜித்துக்கொண்டிருக்கிறான். கிட்டத்தட்ட இவரைத் தள்ளியே விட்டிருப்பான்.

சாதாரண எழுத்தாளர் இந்த இடத்தில் யேட்ஸ்மேல் நாலு வினையடைகளைக் கொட்டியிருப்பார். ஆஸ்டன் அறையின் மறுமுனைக் கதவில் மூத்த மகன் டாமை நிறுத்தி, அவன் கண்ணால் பார்க்கவைக்கிறார். டாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவின் முகத்தில் கம்பீரமும் திகைப்பும், வாழ்க்கையிலேயே அவருடைய முதல் மேடையேற்றம் இதுதான் என்று தோன்றுகிறது. எதிரில் யேட்ஸ், பேரனின் ஆவேசத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நல்ல குடும்பத்துப் பிள்ளையாகக் குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்கிறான். அந்த மாற்றத்தைத்தான் அசல் நடிப்பு என்று டாம் ரசிக்கிறான்.

எவ்வளவு குறும்பான காட்சி. கர்ஜித்தபோது யேட்ஸ் மட்டமான நடிகன். மரியாதையாகக் குனிந்தபோது மகா நடிகன். மேடைக்கு எதிரான கண்டிப்பின் மொத்த உருவமான சர் தாமஸும் தன்னையறியாமல் மேடையில்தான் நிற்கிறார், அவருடைய கம்பீரமும் ஒரு வேடம்தான். அந்தக் கம்பீரத்துக்குப் படியளக்கிற ஆன்டிகுவா, அடிமைகள் உழைக்கும் தீவு. பின்னால் ஒரு மாலையில் ஃபேனி அவரிடம் அடிமை வியாபாரம் பற்றிக் கேட்டபோது அறையில் இருந்த மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். கத்தல் உள்ள இடத்தில் மட்டும் நாடகத்தைத் தேடும் கண்ணுக்கு அந்த மௌனம் படாது.

அந்தக் கண்ணை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டெஸ்டிங் குழுவில் இருந்த தோழி ஒருவர், ரிலீஸுக்கு முந்தைய நாள் காலில், இதை அனுப்பினால் வாடிக்கையாளர்களின் பழைய பதிவுகள் அழிந்துபோகும் என்று குரலை உயர்த்திச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வருடக் கடைசியில் அவருக்கு வந்த மதிப்பீட்டைக் காட்டினார். நெருக்கடியில் ‘ட்ரமாட்டிகலி’ எதிர்வினை செய்கிறார் என்று ஒரு வரி. அவர் என்ன சொன்னார், அது சரியா தப்பா என்பது அந்த ஆவணத்தில் எங்குமே இல்லை. அதே கால்களில் அவரைவிடச் சத்தமாகக் கத்துகிற ஆர்க்கிடெக்ட் ஒருவர் உண்டு. அவரை எல்லாரும் ‘பேஷனேட்’ என்பார்கள்.

மருத்துவமும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில், அதுவரை ‘ஹிஸ்டெரிகல்’ என்றிருந்த ஆளுமைக் கோளாறு ‘ஹிஸ்ட்ரியானிக்’ என்று பெயர் மாறியது. ஹிஸ்டீரியா, கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹிஸ்ட்ரியானிக், எட்ரஸ்கன் ஆட்டக்காரனிடமிருந்து. இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, காதில் மட்டும் அக்கா தங்கை மாதிரி ஒலிக்கின்றன. கருப்பையைத் துரத்திவிட்டுக் கூத்தாடியை உட்காரவைத்தார்கள். பெயர் மாறினாலும் முத்திரை பெண்கள்மேல்தான் அதிகம் விழுகிறது என்ற விமர்சனம் மாறவில்லை.

ஆஸ்டன் சிரித்துக்கொண்டே செய்ததை ஷார்லட் ப்ரான்டே பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறார். 1851-இல் அவர் லண்டனில், ஃபிரெஞ்சு நடிகை ராஷேல் நடித்ததைப் பார்த்தார். ராஷேல், ஊர் ஊராகச் சுற்றி வியாபாரம் செய்த ஏழை யூதக் குடும்பத்தின் மகள், தெருவில் பாடிப் பிழைத்தவர், பின்னால் ஐரோப்பாவே கொண்டாடிய துன்பியல் நடிகை. இரண்டு வருடம் கழித்து வந்த ‘வில்லெட்’ நாவலில் ப்ரான்டே அவரை ‘வஷ்தி’ என்ற பெயரில் மேடையேற்றினார். வஷ்தி, விவிலியத்தில் எஸ்தர் ஆகமத்தில் வரும் ராணி. விருந்தினர்முன் வந்து தன் அழகைக் காட்டச் சொன்ன அரசனிடம் முடியாது என்று சொல்லிப் பட்டத்தை இழந்தவள். காட்டிக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவளுக்கு, காட்டிக்கொள்ள மறுத்தவளின் பெயர்.

அந்த அத்தியாயத்தில் கதைசொல்லி லூசி ஸ்னோவும், அவள் மனதுக்குள் வைத்திருக்கும் டாக்டர் ஜானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நாடகத்தைப் பார்க்கிறார்கள். லூசிக்கு அது பேய் பிடித்த மாதிரி அனுபவம். ஈர்ப்பும் பயமும் சேர்ந்து வாக்கியங்கள் தாறுமாறாகப் பொங்குகின்றன. இதைவிட மிகையான உரைநடையை அந்த நாவலில் தேடினாலும் கிடைக்காது. டாக்டருக்கோ வேடிக்கை பார்க்கிற ஆர்வம் மட்டும். எப்படி இருந்தது என்று லூசி கேட்கிறாள். அவர் இரண்டொரு சொல்லில் முடித்துவிடுகிறார். அவர் அவளைக் கலைஞியாக எடைபோடவில்லை, பெண்ணாக எடைபோட்டுவிட்டார், அது சூடு போடுகிற தீர்ப்பு என்று குறித்துக்கொள்கிறாள் லூசி. டாக்டர் ஜான் கெட்டவர் இல்லை. அன்பானவர், ஏழைகளுக்கு இரங்குகிறவர், கொஞ்ச நேரத்தில் அரங்கில் தீப்பற்றியது என்று கூச்சல் எழும்போது பதறாமல் நிற்கப்போகிறவர். அந்தப் பதறாமையைத்தான் நாம் எல்லாரும் அளவுகோலாக வைத்திருக்கிறோம். ப்ரான்டே அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைத்து, ‘இவர் அளக்கிறார், பாருங்கள்’ என்று காட்டுகிறார்.

லூசியே ஒருமுறை மேடையேறியவள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. பள்ளி விழாவில் கடைசி நேரத்தில் ஆள் இல்லாமல் ஓர் ஆண் வேடத்தைத் திணிக்கிறார்கள். நடித்துப் பார்த்தால் பிடித்துவிடுகிறது. பிடித்துவிட்டதே என்பதற்காகவே இனி நடிப்பதில்லை என்று முடிவெடுக்கிறாள். நாவல் முழுக்க அவள் அழுத்திவைத்திருப்பவள். டாக்டர் ஜான் எழுதிய கடிதங்களைக்கூடப் புட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, பேரி மரத்தடியில் புதைக்கிறாள். மேடையில் வெடித்தவளுக்குச் சூடு விழுந்தது. பக்கத்து நாற்காலியில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தவளை டாக்டர் கடைசிவரை கவனிக்கவே இல்லை. பெண்ணுக்கு எந்த அளவு சரியான அளவு என்று யாராவது டாக்டரிடம் கேட்டுச் சொன்னால் தேவலை.

இதையெல்லாம் மொழிபெயர்க்கிறவர்களுக்கு நடைமுறையில் என்ன வழி? அந்தச் சொல்லைச் சொல்வது யார் என்று முதலில் பார்த்துக்கொள்வது. விளையாட்டாகப் பெருமூச்சு விடுகிறவருக்கு ‘பெருமூச்சு விட்டுக் காட்டினார்’ போதும். தமிழில் ‘காட்டு’ என்ற துணைவினை அந்த வேலையை அழகாகச் செய்யும், நாம்தான் அதை உபயோகிப்பதில்லை. அந்தச் சொல் இன்னொரு பாத்திரத்தின் பார்வை என்றால், அந்தப் பாத்திரத்தின் வாயிலேயே போட்டுவிடலாம்: ‘ஓவரா பண்றா என்று நினைத்துக்கொண்டான்.’ இப்போது தீர்ப்பு எழுதியவனின் கையெழுத்தும் கீழே இருக்கும். கதைசொல்லியே வசைபாடுகிறார் என்றால் மட்டும் ‘நாடகத்தனமாக’. அப்போது வாசகர் கதைசொல்லியையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்வார்.

எனக்குப் பிடிகொடுக்காமல் இருப்பது டிக்கன்ஸ். ‘நிக்கலஸ் நிக்கில்பி’யில் (1838-39) வின்சென்ட் கிரம்மிள்ஸ் என்ற நாடக கம்பெனி முதலாளி வருகிறார். மகளைக் குழந்தை நட்சத்திரமாகவே வைத்திருக்க, வளராமல் இருப்பதற்காக ஜின் கொடுக்கிற மனிதர். நிக்கலஸ் கம்பெனியை விட்டு வண்டியேறும்போது நடுத்தெருவில் வந்து, ஊர் பார்க்க, மேடைத் தழுவல்களை வரிசையாக வழங்குகிறார். மேடைத் தழுவல் என்றால் தாடையை எதிராளியின் தோள்மேல் வைத்து அவரைத் தாண்டி எங்கேயோ பார்ப்பது என்று டிக்கன்ஸ் விளக்கம் வேறு கொடுக்கிறார். நிக்கலஸுக்கு மானம் போகிறது. நமக்குச் சிரிப்பு.

பதினெட்டு அத்தியாயம் கழித்து கிரம்மிள்ஸ் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புறப்படுகிறார். இனி திரும்பி வருவதாக இல்லை. விருந்து முடிந்து நிக்கலஸ் விடைபெறும்போது அவரிடம் அந்த தியேட்ரிகல் தோரணை துளிக்கூட இல்லை என்கிறார் டிக்கன்ஸ். கையை மட்டும் நீட்டுகிறார். நாம் சந்தோஷமான சின்னக் கம்பெனியாக இருந்தோம், உனக்கும் எனக்கும் ஒரு வார்த்தை தடித்ததில்லை என்கிற மாதிரி எதையோ சொல்கிறார்.

அங்கே ‘நாடகத்தனம் துளியும் இல்லை’ என்று தமிழில் எழுதினால், அன்று நடுத்தெருவில் தழுவியது பொய் என்றாகிவிடும். அது பொய் இல்லை. கம்பெனிக்கு விளம்பரம், அந்த மனிதருக்குப் பாசம், இரண்டும் ஒரே தழுவலில் இருந்தன. அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். இப்போதைக்கு ‘மேடைத் தோரணை’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.